கட்டி என்று சொன்ன பிறகு: சப்-சென்டரிலிருந்து பயாப்சி வரை

எங்கள் பகுதியில் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வீடு வீடாக அழைப்புச் சீட்டு கொடுக்கிறார்கள். வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தவர்கள்தான் அதிகம். நான் போனேன். மார்பில் கட்டி இருக்கிறது என்று மேலே அனுப்பினார்கள், பயாப்சி வரை போய்விட்டது. கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பதுதான் பயாப்சி. அடுத்து என்ன செய்வார்கள் என்று தெரியாததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஊர் பவானிக்குப் பக்கம், ஈரோடு மாவட்டம். வயது 46. தமிழக அரசு இந்தத் திட்டத்தை 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில்தான் முதலில் தொடங்கியது. மக்களைத் தேடி மருத்துவத்தில் அத்தைக்கு சுகர் மாத்திரை கொண்டு வருகிற அதே பெண்தான் சீட்டையும் கொண்டு வந்தாள். "வலியே இல்லையே, எனக்கு எதுக்கு சாமி?" என்றேன். "வலிச்சா நீங்களே போயிருவீங்க அக்கா. வலிக்காம இருக்கறதைப் பார்க்கத்தான் இது" என்றாள்.

சப்-சென்டரில், அதாவது துணை சுகாதார நிலையத்தில், கதவைச் சாத்தி, திரையைப் போட்டுத்தான் பார்த்தார் நர்ஸம்மா. முதலில் உட்கார வைத்து, கையை இடுப்பில் வைக்கச் சொல்லி, அப்புறம் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, தோல் எங்காவது உள்ளே இழுத்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு படுக்க வைத்து விரல்களால் அழுத்தி அழுத்தி, அக்குள், காறை எலும்பு வரைக்கும் தடவினார். இடது பக்கம் ஒரே இடத்துக்கு மறுபடி மறுபடி வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. "நகருது, பெரும்பாலும் பயப்படற மாதிரி இருக்காது. ஆனா நானே முடிவா சொல்ல முடியாது, டாக்டர் பார்க்கணும்" என்று எழுதிக் கொடுத்தார்.

மெஷின் இல்லாமல் கையால் தடவி என்ன தெரியும் என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியாகியிருக்கிறது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், நோய் முற்றிய பிறகு கண்டுபிடிப்பது குறைந்தது. 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பே ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே இறப்பு அப்படிக் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சப்-சென்டரில் நடந்தது சுலபம். அலைச்சல் எல்லாம் அதற்குப் பிறகுதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதும், பெண்கள் விஷயம் என்று நினைத்து மகப்பேறு பிரிவில் நிறைய பேர் வரிசையில் நின்றுவிடுகிறார்கள். போக வேண்டியது சர்ஜரி ஓ.பி. மாமோகிராம், அதாவது மார்பை எடுக்கிற எக்ஸ்ரே, எல்லா நாளும் எடுக்க மாட்டார்கள். நான் போன அன்று நாள் இல்லை, அடுத்து போனபோது எடுக்கிற ஆள் விடுப்பு. தறிக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. பரிசோதனை இலவசம் என்கிறார்கள், பஸ் காசையும் போன கூலியையும் யார் கணக்கில் எழுதுவது? அந்த இடத்தில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் விட்டிருப்பேன். சீட்டு கொடுத்த பெண் "ஸ்கேன் எடுத்தாச்சா அக்கா?" என்று போன் போட்டுக்கொண்டே இருந்தாள். சீட்டு அடிப்பதற்கு ஆகிற செலவை விட அந்த போனுக்குத்தான் மதிப்பு அதிகம்.

மாமோகிராமுக்குப் போகும்போது பவுடர் போடாதீர்கள், படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து குழப்புமாம். மாதவிலக்கு நிற்காதவர்கள் அது முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தும்போது வலிக்கத்தான் செய்தது, ஆனால் சில விநாடிதான். அதோடு அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள்.

அப்புறம் பயாப்சி. ஊசி குத்தினால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். டாக்டரிடம் அப்படியே கேட்டேன். "அப்படிப் பரவறதில்லைம்மா. என்னன்னு தெரியாம வைத்தியம் பண்ணறதுதான் ஆபத்து" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, ஒரு கருவியை வைத்து சதைத் துணுக்கு எடுத்தார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போல டக்கென்று சத்தம் வரும், அதற்குத்தான் தூக்கிப் போட்டது. அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முடிவு வருவதற்குள்தான் தூக்கம் கெட்டது. சந்தேகம் என்று ஒரு பெண் வந்தால் 60 நாளுக்குள் நோய் என்னவென்று சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. எனக்கு அதற்குள் வந்துவிட்டது, ஆனால் ஒட்டித்தான் வந்தது. ஃபைப்ரோஅடினோமா, புற்றுநோய் இல்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஆறு மாதம் கழித்து ஸ்கேன் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

பயாப்சி ரிப்போர்ட்டையும் படங்களையும் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். கட்டி வளர்ந்திருக்கிறதா என்று பழையதோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்களாம். அத்தைக்கு வயது 63, இன்னும் போகவில்லை. அடுத்த புதன்கிழமை கூட்டிப் போகிறேன்.