முதலூரிலிருந்து இன்னொரு முதல் ஊருக்கு

பாத் ஊர் பரிசுத்த தோமா ஆலயத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது மகள் வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்தாள். அவள் இருக்கும் ராலே நகரிலிருந்து கிழக்கே, காரில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பாம்லிக்கோ ஆற்றங்கரைப் பக்கம், ஏறக்குறைய 250 பேர் மட்டுமே வாழும் ஊர்.

ஏன் அங்கே போக வேண்டும் என்பதற்கு எனக்குக் காரணம் இருந்தது. நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்து முதலூரில். துன்புறுத்தலுக்கு ஆளான கிறிஸ்தவர்களுக்குப் புகலிடமாக 1799இல் தாவீது சுந்தரானந்தம் தேரிக்காட்டு ஓரத்தில் உண்டாக்கிய ஊர் அது. நற்செய்தி பரப்ப ஏற்பட்ட மிஷனெரிச் சங்கத்தின் பெயரான எஸ்.பி.ஜி. என்ற மூன்றெழுத்து எங்கள் வீடுகளில் சொந்தக்காரர் பெயர்போலப் புழங்கும். இங்கிலாந்தில் 1701இல் அந்தச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தவர் தாமஸ் பிரே என்ற குருவானவர். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, கிறிஸ்தவ அறிவை வளர்ப்பதற்கான எஸ்.பி.சி.கே. சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் அனுப்பி உதவியது இந்த எஸ்.பி.சி.கே.தான். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அங்கே அச்சாகி முடிந்தது.

அதே பிரே 1700ஆம் ஆண்டுவாக்கில் பாம்லிக்கோ பகுதிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை அனுப்பினார். அப்போது பாத் என்ற ஊரே உருவாகவில்லை; அது முறைப்படி ஊரானது 1705இல். குடியேறியவர்கள் மரம் வெட்டி நிலம் திருத்திக்கொண்டிருந்த இடத்தில் புத்தகங்கள் வந்து இறங்கியிருக்கின்றன. அவற்றைப் பாதுகாக்க 1715இல் சட்டமே இயற்றினார்கள். தமிழ் வேதம் அச்சேறிய அதே ஆண்டு. இந்த இரண்டையும் சேர்த்து நினைத்த நாளிலிருந்து, என்றைக்காவது பாத் போய் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது.

ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்பே போய்விட்டோம். கோபுரம் இல்லாத சிறிய செங்கல் கட்டடம். 1734இல் கட்டத் தொடங்கியது. இன்று அந்த மாநிலத்தில் நிற்கும் ஆலயக் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. சுவர் இரண்டடி கனம். செங்கற்களை ஒன்று நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் மாற்றி மாற்றி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் நின்று உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். வெயில் ஏறத் தொடங்கியிருந்தும் கல் குளிர்ந்திருந்தது.

உள்ளே போனதும் கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. வெள்ளைச் சுவர்கள், எளிமையான நற்கருணை மேசை. இரண்டாம் ஜார்ஜ் மன்னர் கொடுத்தது என்று சபையார் வழிவழியாகச் சொல்லும் மெழுகுவர்த்தித் தண்டுகள். ராணி ஆன் பெயரால் வழங்கும் மணியும் இங்கே உண்டு; 1872இல் அதை உருக்கி மறுபடியும் வார்த்திருக்கிறார்கள். பேர்பெற்ற இந்தப் பொருள்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு கல்லின் முன்னால் நின்றுவிட்டேன்.

மார்கரெட் பால்மர் என்ற பெண்ணின் நினைவுக் கல் அது. 1765 அக்டோபரில், 44 வயதில் இறந்திருக்கிறார். கணவர் அரசாங்கத்தின் நில அளவைத் தலைவர். தட்பவெப்பம் மாறியதால் வந்த நோயோடு அவர் பத்தாண்டுகள் போராடினார், பிறந்த நாட்டுக்குப் போயும் குணம் கிடைக்கவில்லை, திரும்பி வந்து முடிவுவரை பொறுமையாகத் தாங்கினார் என்று அதில் பொறித்திருக்கிறது. பிறந்த மண்ணுக்குப் போயும் சுகமில்லாமல் மறுபடியும் கப்பலேறி வந்தவரின் மனம் எப்படி இருந்திருக்கும்! முதலூரில் என் அம்மா ஆறு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார்கள். அந்தக் கல்லின் முன்னால்தான் அன்று நான் முதலில் ஜெபித்தேன்.

ஆராதனை தொடங்கியது. நாற்பது பேர் இருக்கலாம், பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். அமெரிக்கா விடுதலை பெற்றபின், இங்கிலாந்து மன்னருக்கு அடங்கி நடப்பதாக உறுதிமொழி கொடுக்க முடியாத நிலையில், இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து 1789இல் தனியாக அமைந்ததுதான் இந்த ஆலயம் சேர்ந்திருக்கும் எபிஸ்கோப்பல் திருச்சபை. ஆனாலும் ஆராதனையின் எலும்புக்கூடு மாறவில்லை. பாவ அறிக்கை, பாவ விமோசனம், விசுவாசப் பிரமாணம் என்று எங்கள் ஜெபப் புத்தகத்தின் வரிசை காதில் விழ விழ, அடுத்து என்ன வரும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஆங்கிலத்தில் அவர்கள் சொல்லச் சொல்ல, 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று நான் தமிழில் சொன்னேன். இரண்டும் ஒரே இடத்தில் ஆமென்னுக்கு வந்து சேர்ந்தன.

மன்றாட்டு நேரத்தில் நோயாளிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். பிறகு, வேறு யாருக்காவது ஜெபிக்க வேண்டுமானால் பெயரைச் சொல்லலாம் என்றார் குருவானவர். எனக்கு நெஞ்சு அடைத்தது. அம்மாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், உச்சரிப்பு சரியா என்று பார்ப்பவர்போல, அந்தப் பெயரை மெல்லத் திருப்பிச் சொன்னார்.

ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. நான் நன்றி சொல்லப் போன அதே எஸ்.பி.ஜி. பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தது. அங்கே அடிமைகளை வைத்து வேலை வாங்கியது. பாத் ஆலயத்தில் ஊழியம் செய்த அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் செவ்விந்தியப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்த முயன்றதும் அதே சங்கத்தின் காலத்தில்தான். முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொன்னபோது இரண்டும் என் நினைவில் இருந்தன. நன்றியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வர என்னால் முடியவில்லை.

ஆராதனை முடிந்ததும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. காப்பி, வீட்டில் செய்து கொண்டுவந்த கேக், முட்டை, பழத் துண்டுகள். அண்டாவில் குழம்பு கொதிக்கும் எங்கள் கோயில் விருந்தான அசனம்போல் இல்லைதான். ஆனால், போன வாரம் வராதவரை ஏன் வரவில்லை என்று விசாரிப்பதும், புதிதாக வந்தவரின் தட்டில் கேட்காமலே வைப்பதும் அப்படியே எங்கள் ஊர். எண்பது வயதிருக்கும் ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்கள் சொந்த ஊர் எது?"

"முதலூர். எங்கள் மொழியில் முதலாவது ஊர் என்று அர்த்தம்."

அவர் முகம் மலர்ந்தது. "எங்கள் ஊரும் அப்படித்தான். இந்த மாநிலத்தின் முதல் ஊர் பாத்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் அம்மாவின் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். அடுத்த வாரமும் வாசிக்க வேண்டுமே என்றார்.

வண்டியில் திரும்பும்போது ஊருக்குப் பேசினேன். தங்கை போனை அம்மாவின் காதருகே வைத்தாள். கடல் தாண்டி ஒரு கோயிலில் அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள் என்றேன். சற்று நேரம் மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்டது. பிறகு அம்மா கேட்டார்கள்:

"கோயில் முடிந்ததும் உனக்குச் சாப்பிடக் கொடுத்தார்களா?"

"கொடுத்தார்கள் அம்மா. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்."

"ஸ்தோத்திரம்" என்றார்கள்.