கானாடுகாத்தான் மொட்டைமாடியில் திருவாதிரைக்கு ஓர் எண்

பேசியது 400 ரூபாய். கானாடுகாத்தானில் இறங்கியதும் ஆட்டோக்காரர் 600 கேட்டார். காரைக்குடியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் வருவதற்கு 600 ரூபாயா? நடுத்தெருவில் நின்று வாதாடி 500 கொடுத்தேன். கூடுதலாகப் போன அந்த நூறு இன்னும் உறுத்துகிறது. இரண்டு நாளுக்கு 5,000 ரூபாய்தான் ஒதுக்கியிருந்தேன். அறை வாடகையே 2,800.

கோபத்தை இறக்கியது ஆச்சியின் மெஸ். வெள்ளைப் பணியாரம் ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் பஞ்சாக இருந்தது. காரச் சட்னி கண்ணில் நீரை வரவழைத்தது. ஆறு தின்றேன். “இன்னும் இரண்டு வைக்கட்டுமா தம்பி?” என்று ஆச்சி கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை.

இங்குள்ள செட்டிநாட்டு வீடுகளைப் பற்றியும் செலவுக் கணக்கையும் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனமெல்லாம் அன்றிரவு வானத்திலேயே இருக்கிறது. தை அமாவாசையை ஒட்டிய நாள். இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போனது. தங்கியிருந்த பழைய வீட்டில் முகப்பில் ஓர் அரிக்கேன், பின்கட்டில் ஓர் அரிக்கேன் ஏற்றினார்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே திரி. வாசலில் நின்று பார்த்தால் முகப்பு விளக்கு முகத்தில் அடித்தது. வரிசையான கதவுகளுக்கு அப்பால் பின்கட்டு விளக்கு வெறும் புள்ளி. தூரம் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும்.

மாடிக்குப் போனதும் அதையே வானத்தில் பார்த்தேன். சிரியஸ் நட்சத்திரம் பளீரென்று எரிந்தது. தெற்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரம். சிரியஸின் ஒளி எண் -1.46, அகத்தியருக்கு -0.74. எண் குறையக் குறைய ஒளி கூடும். ஆகவே நம் கண்ணுக்கு சிரியஸ் ஏறத்தாழ இரண்டு மடங்கு பிரகாசம். ஆனால் அது 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் முகப்பு விளக்கு (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு). அகத்தியர் சுமார் 300 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் பின்கட்டு விளக்கு. எல்லாவற்றையும் 32.6 ஒளியாண்டு தூரத்தில் நிறுத்தியதாக வைத்துத்தான் வானியலாளர்கள் உண்மையான ஒளியை ஒப்பிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் அகத்தியர் சிரியஸைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பிரகாசம். நம் சூரியனோ 4.8 என்ற எண்ணோடு மங்கலாகத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களை ஆறு தரமாகப் பிரித்தவர்கள் பழைய கிரேக்கர்கள். அதைக் கணக்கில் கட்டியவர் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன். முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் சரியாக 100 மடங்கு வித்தியாசம் என்று வைத்தால் ஒவ்வொரு படியும் 2.512 மடங்கு. இதை அவர் முன்வைத்தது 1856-ல். 1861 முதல் 1891-ல் இறக்கும்வரை அவர் வேலை பார்த்தது நம் சென்னை வானாய்வகத்தில்! உலகமே பயன்படுத்தும் அளவுகோலைத் தந்தவர் முப்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்ததைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மின்சாரம் வந்ததும் மாடி விளக்கு கண்ணைக் குருடாக்கியது. காவல்கார அண்ணனிடம் கேட்டேன். அணைத்துவிட்டு மேலே வந்தார்.

“திருவாதிரை எது தம்பி? என் நட்சத்திரம் அதுதான். அர்ச்சனைக்குச் சொல்வதோடு சரி, பார்த்ததில்லை.”

உச்சந்தலைக்கு மேலே செம்மையாக நின்றதைக் காட்டினேன். அதன் ஒளி மாறிக்கொண்டே இருக்கும். 2020 பிப்ரவரியில் 1.6 வரை மங்கிப்போனது. ஒளி தெரிந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே வைத்துக் கண்ணாலேயே மதிப்பிடலாம். அடிவானத்தருகே காற்று ஒளியைத் தின்றுவிடும் என்பதால் மூன்றும் நல்ல உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் 0.4 எண்ணுள்ள புரோசியான், மறுபக்கம் 0.9 எண்ணுள்ள ரோகிணி. செந்நிறத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தால் கண் அதைக் கூட்டிக் காட்டும். எனவே மாறி மாறிச் சட்டென்று பார்க்கச் சொன்னேன். புரோசியானைவிடச் சற்று மங்கல் என்றார் அண்ணன். எனக்கும் அப்படித்தான் பட்டது. 0.6 என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

காலையில் காரைக்குடிக்கு பஸ்ஸில்தான் திரும்பினேன்.