கெப்பின் பின்னால் டீசல் தாங்கி பூட்டிய அனுபவம்

முல்லைத்தீவு முத்தையன்கட்டுப் பக்கம் வாய்க்கால் திருத்தும் வேலைக்கு எங்கள் பெக்கோக்களை, அதாவது மண் வெட்டும் இயந்திரங்களை, வாடகைக்குக் கேட்டார்கள். வாடகை, ஒப்பரேட்டர் சம்பளம், ஏற்றி இறக்கும் செலவு எல்லாம் பேசி முடிந்த பிறகு ஒரு தாள் வந்தது. இயந்திரங்களுக்கு எண்ணெய் கொண்டுவரும் வாகனம் தங்கள் பாதுகாப்பு விதிக்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் வேலைத்தளத்துக்குள் விடமாட்டோம் என்று இருந்தது. வெளிநாட்டுக் காசில் நடக்கும் வேலை. விதிப்புத்தகமும் அமெரிக்கப் போக்குவரத்து விதிகளைப் பார்த்து எழுதியது.

இங்கே பொதுவாக நடப்பது எல்லோருக்கும் தெரியும். கெப் வாகனத்தின் பின்பெட்டியில் ஒரு பரலை ஏற்றிக் கயிற்றால் இழுத்துக் கட்டி, கையால் சுற்றும் பம்பை வைத்து அடிப்பதுதான். ஒரு பெரிய பெக்கோ முழுநாள் வேலை செய்தால் நூறு லீற்றருக்கு மேல் குடிக்கும். வாய்க்கால் கரையில் இருந்து அதை ஓட்டிக்கொண்டு எண்ணெய் அடிக்கப் போக முடியுமா? எண்ணெய்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

எண்ணெயைப் பற்றி வன்னிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற எண்ணம் எங்கள் ஆட்களிடம் உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கானில் அடிக்க விடாதபோது, கமநல சேவை நிலையத்துக் கடிதத்தோடு வரிசையில் நின்றவர்களும் நாங்கள்தான். ஆனால் அதெல்லாம் எண்ணெயை மிச்சம் பிடிக்கிற கெட்டித்தனம். எண்ணெயில் இருந்து எழும்பும் ஆவியைப் பற்றி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

வேலை கொடுத்தவர்களின் பாதுகாப்பு அதிகாரி வவுனியாவைச் சேர்ந்த ஒரு இளம் பிள்ளை. கெப்பில் பூட்ட நினைத்த டீசல் தாங்கியின் படத்தை நான் நீட்ட, அதைப் பார்க்க முதலே பிள்ளை கேட்டது: “அண்ணை, இந்தத் தாங்கி கெப்பின்ர எஞ்சினுக்கோ, பெக்கோவுக்கோ?”

முழு விதியும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. வாகனம் தன் எஞ்சினுக்காகச் சுமக்கும் எண்ணெயை அமெரிக்க விதி ஆபத்தான சரக்காகப் பார்ப்பதில்லை. அது வாகனத்தின் பாகம். இன்னொரு இயந்திரத்துக்காகக் கொண்டுபோனால் அதே டீசல் சரக்காகிவிடும். அதற்குப் பிறகுதான் அளவுக் கணக்கு வரும். தாங்கியின் கொள்ளளவு 119 கலனைத் தாண்டினால் அது மொத்தமாகச் சரக்கு ஏற்றும் பெரிய கொள்கலன் என்ற வகைக்குள் வரும். அபாயச் சின்னம், டீசலுக்குரிய 1202 என்ற ஐ.நா. எண், சரக்குப் பத்திரம், சாரதிக்குப் பயிற்சி, தீயணைப்பான் எல்லாம் தேவை. தாண்டாவிட்டால், டீசல் தீப்பற்றும் வெப்பநிலை 38 பாகைக்கு மேல் என்பதால் அதைக் குறைந்த ஆபத்துள்ள வகையில் சேர்த்து, அந்த விதிகளில் இருந்து பெரும்பாலும் விலக்கி விடலாம். கவனிக்க வேண்டியது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு கொள்ளும் என்பதே. ஆயிரம் லீற்றர் தாங்கியில் ஐம்பது லீற்றர் கிடந்தாலும் அது பெரிய தாங்கிதான். வெறுமையாக்கினாலும் கழுவி ஆவியைப் போக்கும் வரை சின்னத்தைக் கழற்ற முடியாது.

119 கலன் என்பதில் கராச்சில் ஒரு சண்டை நடந்தது. தாங்கி செய்த எங்கள் வெல்டிங் பாஸ் பழைய ஆள். கலன் என்றால் நாலரை லீற்றர் என்று 541 லீற்றருக்குக் கணக்குப் போட்டு, தகட்டில் சோக்கால் கோடும் இழுத்துவிட்டார். அமெரிக்கக் கலன் சின்னது, 3.785 லீற்றர், ஆகவே எல்லை 450 லீற்றர். ஐரோப்பிய விதியிலும், தொழிலுக்காகக் கொண்டுபோகும் சரக்குக்கான விலக்கில் ஒரு கொள்கலனுக்கு இதே 450 லீற்றர்தான் இருக்கிறது. விளிம்பில் நின்று வாதாட எனக்கு விருப்பமில்லை. 400 லீற்றர் என்று முடிவெடுத்தோம்.

பாஸ் முதலில் கல்வனைஸ் தகட்டில் செய்வோம், துருப்பிடிக்காது என்றார். தண்ணீருக்கு அது சரி. டீசலில் அந்த நாகப்பூச்சு மெல்ல மெல்லக் கரைந்து, கடைசியில் பில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். பெக்கோ இன்ஜெக்டர் விலை தெரிந்தவன் அந்தப் பக்கம் போகமாட்டான். வீட்டுக் கூரையில் வைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கியும் வேண்டாம். அது எரிபொருளுக்குச் செய்ததல்ல. ஆகவே சாதாரண இரும்புத் தகடுதான். உள்ளே பூச்சு எதுவும் இல்லை, வெளியே வெள்ளைப் பெயின்ற். வன்னி வெயிலில் கறுப்புத் தகட்டில் கை வைக்க ஏலாது.

நானூறு லீற்றர் டீசல் முன்னூற்று முப்பது கிலோவுக்கு மேல் வரும். பாதித் தாங்கியோடு வளைவில் பிறேக் பிடித்தால் அந்தப் பாரம் முழுக்க முன்னால் அடிக்கும். அதற்காக உள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் வைத்தோம். தாங்கியைக் கெப்பின் பெட்டித் தகட்டோடு பூட்டாமல், அடியில் சட்டம் கொடுத்துச் சேசியோடு போல்ட் போட்டோம். மூடியில் காற்றுப் போக்கி இருக்கிறது. வாய்வரை நிரப்புவதில்லை, இருபது பாகை சூடேறினாலே நானூறு லீற்றர் ஆறு ஏழு லீற்றர் பெருக்கும், அதற்கு இடம் வேண்டும்.

ஒட்டு வேலை முடிந்து கொஞ்ச நாளில் ஒரு மூலையில் கசிவு கண்டது. அதற்குள் தாங்கி டீசல் கண்டுவிட்டது. பாஸ் அதை முழுக்க இறைத்து, கழுவி, ஒட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்பிய பிறகுதான் வெல்டிங் கோலைத் தொட்டார். பக்கத்தில் நின்ற பெடியனையும் தூரப் போகச் சொன்னார். கலன் கணக்கில் பிழைத்தாலும் இதில் மனிசன் பிழை விடவில்லை. எண்ணெய் வெளியே போனாலும் ஆவி உள்ளேதான் நிற்கும். வெடிக்கிறது அதுதான்.

தாள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கச்சேரியில் இருக்கும் மோட்டார் போக்குவரத்துப் பிரிவில், தாங்கி கழற்றக்கூடியதா, வாகனத்தின் வகை மாறுகிறதா என்று கேட்டார்கள். போல்ட் போட்ட படத்தைக் கொண்டு போனது உதவியது. காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவித்துப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொல்லும் “பிரச்சினையில்லை” விபத்தன்று வராது. எண்ணெய் அடிக்கும் செட்டில்தான் அதிகம் இழுபட்டது. பின்னால் இருக்கும் தாங்கிக்கு அடிக்கமாட்டோம் என்று ஒரே பிடி. இயந்திரங்களின் இலக்கம், வேலை நடக்கும் இடம் எல்லாம் போட்டு, வேலை கொடுத்தவர்களிடம் இருந்து ஒரு கடிதம் கொண்டு போன பிறகு அடித்தார்கள்.

பரிசோதனை நாளில் பிள்ளை தீயணைப்பானின் திகதியைப் பார்த்தது, சாரதியிடம் எண்ணெய் சிந்தினால் என்ன செய்வாய் என்று கேட்டது, மண் வாளியைத் தேடியது. எல்லையை விடச் சின்னத் தாங்கி என்றாலும் 1202 எண்ணை ஒட்டச் சொன்னது. விதி கேட்காததுதான், ஆனால் நெருப்புப் பிடித்தால் அணைக்க வருபவனுக்கு உதவும் என்றது. ஒட்டினோம்.

இப்போது வயல்காரர் வருகிறார்கள். தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கு, “தம்பி, ஒருக்கா அந்தத் தாங்கியில பெற்றோலும் கொண்டு வாவன்” என்று. மாட்டேன் என்றால் கோபம். டீசலுக்குச் சொன்ன விலக்கு பெற்றோலுக்கு இல்லை. அது மைனஸ் நாற்பது பாகையிலேயே தீப்பற்றும் ஆவி விடும். பெற்றோல் இருந்த தாங்கியில் பிறகு டீசல் அடிப்பது இன்னும் மோசம். மிச்ச ஆவிக்கு நிலைமின் பொறி ஒன்று போதும். அமெரிக்க விதியில் தொழிலாளி தன் வேலைக்குக் கொண்டுபோகும் பெற்றோலுக்கு ஒரு கானுக்கு 30 லீற்றர்தான் எல்லை. ஆகவே கேட்பவர்களுக்கு மூடி இறுகும் கானில்தான் கொண்டு வருகிறேன். நிரப்பும்போது கானைக் கெப்பில் வைத்து அடிக்க விடுவதில்லை, இறக்கி நிலத்தில் வைத்தே அடிப்பிக்கிறேன். செட்டுக்காரருக்கு அது பிடிக்கிறது, வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை.