பாறையில் இறங்க எந்த ஏடிவி?

ஏடிவி, அதாவது கரடுமுரடான தடங்களில் ஓட்டும், பைக் மாதிரி ஹேண்டில் வைத்த நாலு சக்கர வண்டி, வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் அப்பா போனில் கேட்ட முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவுடா குடுக்கும்?" கதவு இல்லை, கூரை இல்லை, ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போகவும் முடியாது, இதற்குப் போய் ஏழாயிரம் டாலரா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை. ஆனால் பல மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, கிடைத்த வண்டியை எல்லாம் வாடகைக்கும் ஓசியிலும் ஓட்டிப் பார்த்ததில் ஒன்று தெளிவானது, அதைத்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது யூட்டாவில், சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில். தெற்கே மூன்று மணி நேரம் போனால் மேரிஸ்வேல் என்று ஒரு சின்ன ஊர், அதைச் சுற்றி பையூட் ஏடிவி டிரெயில். தென்கிழக்கே நாலு மணி நேரம் போனால் மோவாப். இரண்டுமே பாறைதான், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பாறை. மோவாபில் இருப்பது செந்நிற மணற்பாறை, அதற்கு 'ஸ்லிக்ராக்' என்று பெயர், ஏனென்றால் அந்தக் காலத்துக் குதிரைகளின் இரும்பு லாடம் அதில் வழுக்கியதாம். ரப்பர் டயருக்கு அது அப்படியே உப்புத்தாள். சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் மேட்டில்கூட வண்டி பல்லி போல ஒட்டிக்கொண்டு ஏறும். பையூட் பக்கம் அப்படி இல்லை, உதிரிக் கல், சரளை, நடுநடுவே தேங்காய் சைஸில் உருளும் கற்கள், உயரமான இடங்களில் 11,000 அடிக்கும் மேலே. அங்கே பிடிமானம் என்பதே கடன் வாங்கியதுதான்.

சைட் பை சைட் வாங்கலாமே, ஸ்டீயரிங், சீட் பெல்ட், பக்கத்தில் மனைவி என்று வசதியாக இருக்குமே என்று நிறைய பேர் கேட்டார்கள். பல குறுகலான தடங்களில் 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டியை விட மாட்டார்கள், அளந்து வைத்த மாதிரி வாசலில் கம்பி நட்டிருக்கும். சாதாரண யூட்டிலிட்டி ஏடிவி 48 அங்குலம் சுமார், நுழைந்துவிடும். பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் எக்ஸ்பி 1000 எஸ் மாதிரி 55 அங்குல ஏடிவியும் இருக்கிறது, அது அந்தக் கம்பியைப் பார்த்துத் திரும்பி வர வேண்டியதுதான். எனக்கு அந்தச் சின்னத் தடங்கள்தான் பிடிக்கும், அதனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

முதலில் நானும் சிசியைத்தான் பார்த்தேன். நம் ஊர்ப் பழக்கம், 100 சிசியா 150 சிசியா என்று கேட்டு வளர்ந்தவன். 420, 570, 700, 850, 1000 என்று ஒரு எக்செல் ஷீட் போட்டு, சிசிக்கு இத்தனை டாலர் என்று கணக்கெல்லாம் போட்டேன். அது சுத்த வேஸ்ட். பாறையில் போவது நடக்கிற வேகத்தில், அதற்கு 400 சிசியே தாராளம். உயரத்தில் ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் சக்தி போகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு, 10,000 அடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இருந்தால் கலவையைச் சரி செய்துகொள்ளும், இல்லாத காற்றை அது எங்கே போய்க் கொண்டு வரும்? அந்த ஒரு காரணத்துக்காகக் கொஞ்சம் பெரிய என்ஜின் வாங்கலாம், சரி. மற்றபடி 1000 சிசி என்பது நேர் மண் ரோட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு பறக்கத்தான்.

என் எக்செல் ஷீட்டைக் குப்பையில் போட வைத்தது ஓர் இறக்கம். போன வருஷம் செப்டம்பர், நண்பர்கள் மூன்று பேர், நான் வாடகை வண்டியில். எந்த பிராண்ட் என்று சொல்லப்போவதில்லை, தப்பு முழுக்க என்னுடையது. ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை, கட்டைவிரலால் த்ராட்டிலை அழுத்தினால் ஏறிக்கொண்டே இருந்தது. மேலே நின்று போட்டோ எடுத்து, கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டு, மறுபக்கம் இறங்க ஆரம்பித்தோம். உதிரிக் கல் நிறைந்த செங்குத்தான சரிவு, நூறு அடி தூரம் இருக்கும். நான் கியரை ஹையிலேயே (வேகமாக ஓட்டும் ரேஞ்ச், மெதுவாகப் பலமாக இழுப்பது லோ) விட்டுவிட்டேன். பாதியில் வண்டி வேகம் எடுக்க, பயத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். பின் டயர் இரண்டும் சுற்றாமல் நின்று, கல்லோடு கல்லாகச் சறுக்கி, பின்பக்கம் மெதுவாக இடதுபுறம் வர ஆரம்பித்தது. வண்டி குறுக்கே திரும்பினால் அடுத்து உருளல்தான். 300 கிலோ. எனக்கு ஞாபகம் இருப்பது கை விரல்களின் வலியும், கீழே உருண்டு போகும் கற்களின் சத்தமும்தான். கடைசியில் ஒரு பாறையில் முன் டயர் முட்டி நின்றது.

திரும்பிப் பார்த்தால், பின்னால் ஈரோட்டு நண்பன், ஆபீஸில் யாரிடமோ இரவல் வாங்கிய பழைய ஹோண்டா ரான்ச்சர் 420இல், முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல், கோயில் மாடு படியிறங்குவது போல டுக்டுக்கென்று வருகிறான். "என்ன மாப்ள, ஹையிலயா இறங்குன?" என்று மட்டும் கேட்டான். அதற்கப்புறம் அன்று முழுக்க அவன் முன்னால், நான் பின்னால்.

ஏறின கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை லாரி டிரைவர்கள் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆக்டிவாவில் ஒரு தரமும், கியர் பைக்கில் ஒரு தரமும் இறங்கியவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பைக் இரண்டாவது கியரில் தானே பிடித்துக்கொண்டு வரும், ஆக்டிவாவில் கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் ட்ரம் சுடும். ஏடிவியிலும் அதே இரண்டு சாதிதான். ஒன்று பல் சக்கர கியர், இன்னொன்று ஸ்கூட்டரில் இருக்கும் அதே பெல்ட் சமாச்சாரம், கொஞ்சம் பெரிய சைஸில். பெல்ட் வண்டிகள் இறக்கத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி நிறைய வித்தியாசம் இருக்கிறது, ஏடிவி வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

ஹோண்டாவில் இருந்து ஆரம்பிக்கிறேன். 1986இல் முதல் ஃபோர் வீல் டிரைவ் ஏடிவியை விற்பனைக்குக் கொண்டு வந்தவர்கள் அவர்கள், இன்றைக்கும் பெல்ட் பக்கம் போகாமல் கியரிலேயே நிற்கிறார்கள். ரான்ச்சரில் காலால் கியர் மாற்றலாம், கிளட்ச் லீவர் கிடையாது, பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட் ஓட்டியவர்களுக்குக் கால் தானாகப் பழகிவிடும். இல்லாவிட்டால் பட்டனில் மாற்றும் மாடலும் உண்டு. என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நழுவுவதற்குப் பெல்ட் இல்லாததால் இறக்கத்தில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் குறையும் உண்டு, ரான்ச்சரில் லோ ரேஞ்ச் இல்லை, முன்பக்க டிஃப் லாக்கும் (டிஃபரென்ஷியலைப் பூட்டி இரண்டு முன் சக்கரத்தையும் சேர்ந்தே சுற்ற வைப்பது) இல்லை. முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் அது சும்மா சுற்றும், வண்டியைப் பின் சக்கரங்கள்தான் தள்ள வேண்டும். லேசாக முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே த்ராட்டில் கொடுத்தால் மற்ற சக்கரத்துக்கும் கொஞ்சம் சக்தி போகும், அது ஒரு கைவைத்தியம். சாதா ரான்ச்சரில் பின்பக்கம் ஒரே தண்டாக இருக்கும் ஆக்ஸில், தரையில் இருந்து இடைவெளி 6 அங்குலத்துக்குச் சற்று மேல்தான். கேட்டவுடன் சிரிப்பு வரும், மற்ற வண்டிகள் 11 அங்குலத்தில் நிற்கும்போது. ஆனால் டயர் கல்மேல் ஏறினால் ஆக்ஸிலும் கூடவே ஏறும், பாரம் போட்டாலும் அந்த இடைவெளி குறையாது, பக்கச் சரிவில் உடம்பு சாயாமல் வண்டி விறைப்பாக நிற்கும். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டி பக்கச் சரிவில் ஒரு பக்கமாக அமுங்கி, வயிற்றைக் கலக்கும். முதுகு வலி என்று வந்தால் கதை தலைகீழ், ஒற்றை ஆக்ஸிலில் முப்பது மைல் போய்விட்டு மறுநாள் நாற்காலியில் உட்காரும்போது தெரியும்.

யமஹா கிரிஸ்லி 700, 686 சிசி. இது பெல்ட் வண்டிதான், ஆனால் இதில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும், கிளட்ச் வேலையைத் தனியாக எண்ணெயில் மூழ்கிய ஒரு கிளட்ச் பார்த்துக்கொள்ளும். இறக்கத்தில் வண்டி என்ஜினைத் தள்ளப் பார்க்கும்போது ஒருவழி பேரிங் ஒன்று விடாமல் பிடித்துக்கொள்ளும், ஃபோர் வீல் போட்டிருந்தால் அந்தப் பிடி நாலு சக்கரத்துக்கும் போகும். பெல்ட் வண்டியில் ஹோண்டாவுக்குப் பக்கத்தில் வருவது இதுதான். நான் விழப்போன அதே இறக்கத்தில் இந்த மே மாதம் ஒரு கிரிஸ்லியை லோவில் போட்டு, இரண்டு கையையும் பிரேக்கில் இருந்து எடுத்துவிட்டு இறங்கிப் பார்த்தேன். என்ஜின் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே, நான் பக்கத்தில் நடந்து வந்தால் என்ன வேகமோ அந்த வேகத்தில் வந்து சேர்ந்தது. டிஃப் லாக் ஒரு பட்டன், அழுத்தினால் முன்சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுற்றும். லாக் போட்டவுடன் ஹேண்டில் கனக்கும், பவர் ஸ்டீயரிங் இல்லாத மாடலை அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வைத்திருப்பவர்கள் என்மேல் கோபப்படுவார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து போக அதைவிட மெத்தென்ற வண்டி நான் ஓட்டியதில்லை. ஏறும்போது அதன் ஃபோர் வீல் அமைப்பு பிரமாதம், பின்சக்கரம் வழுக்கின அடுத்த கணம் முன்சக்கரம் இரண்டும் தானாகப் பிணைந்துகொள்ளும், பட்டனை எப்போது அழுத்துவது என்று யோசிக்கவே வேண்டாம். ஆனால் அதே புத்திசாலித்தனம் இறக்கத்தில் திரும்பிக் கடிக்கிறது. முன்சக்கரம் என்ஜினைத் தள்ளும் நிலைமையில் அந்தப் பிணைப்பு விட்டுவிடும், என்ஜின் பிரேக்கிங் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். இறக்கத்தில் பாரம் எல்லாம் முன்னால் வந்துவிடுமே, பின்சக்கரம் ஏற்கெனவே இலேசாக இருக்கும்போது அதை மட்டும் பிடித்தால் என்ன ஆகும்? இதற்கென்றே ஆக்டிவ் டிசென்ட் கன்ட்ரோல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அது வந்தால் நாலு சக்கரமும் பிடிக்கும், எல்லா மாடலிலும் கிடையாது. பழைய ஸ்போர்ட்ஸ்மேன் வாங்கப் போகிறவர்கள் ஹேண்டிலில் அந்த சுவிட்ச் நிலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கேன்-ஆம் அவுட்லேண்டரில் ரோடாக்ஸ் என்ஜின், சக்தியைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. பல மாடல்களில் வரும் விஸ்கோ-லாக் முன் டிஃபரென்ஷியல் ஒரு சக்கரம் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் பிடிக்கும். சேற்றில் அந்தக் கொஞ்சம் தெரியவே தெரியாது. பாறை விளிம்பில், சுற்றும் டயர் பட்டென்று பிடிக்கும்போது வண்டி ஒரு குதி குதிக்கும், எனக்கு அது ஒத்துவரவில்லை. கவாஸாகியின் பழைய ப்ரூட் ஃபோர்ஸ் 750இல் முன் டிஃபை இறுக்க இடது கையில் ஒரு லீவர், அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பத்து நிமிஷத்தில் கை மரத்துப்போகும். சுஸுகி கிங்குவாட் 750 நல்ல வண்டி என்கிறார்கள், எனக்கு ஓட்டக் கிடைக்கவில்லை.

பெல்ட் வண்டி எதுவானாலும் பாறையில் லோவை விட்டு எடுக்காதீர்கள். ஹையில் நத்தை வேகத்தில் போனால் பெல்ட் நழுவி நழுவிச் சூடாகும், கருகின ரப்பர் வாசனை வந்தால் ஏற்கெனவே லேட். இன்னொன்று, கார் ஓட்டும் பழக்கத்தில் கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விடத் தோன்றும். கூடாது, டயரைக் கல்லின் தலையிலேயே ஏற்றுங்கள், நடுவே விட்டால் அடிவயிற்றில் இடிக்கும். அந்த அடிவயிற்றைக் காக்கும் அலுமினிய ஸ்கிட் பிளேட்டுக்குச் செலவழிப்பது பெரிய என்ஜினுக்குச் செலவழிப்பதைவிட உருப்படியான காரியம்.

அப்புறம் டயர் காற்று. ஏடிவி டயரில் 5 பிஎஸ்ஐ மாதிரிதான் அடிப்பார்கள், கார் கேஜில் முள் அசையவே அசையாது. இது தெரியாமல் என் கேஜ் ரிப்பேர் என்று நினைத்து இன்னொரு கார் கேஜ் வாங்கிய அறிவாளி நான். குறைந்த அழுத்தத்துக்கென்றே பத்து டாலருக்கு ஒன்று விற்கிறது. ஒரு பிஎஸ்ஐ கூடினாலே டயர் கல்மேல் பந்து மாதிரி எகிறும், குறைந்தால் கல்லைக் கவ்வும், ரொம்பக் குறைந்தால் ரிம்மில் இருந்து கழன்றுகொள்ளும்.

கடைசியில் ஜூன் மாதம் ஒரு 2019 கிரிஸ்லி வாங்கினேன், பவர் ஸ்டீயரிங்கோடு, பச்சை நிறம், முன் பம்பரில் ஒரு சொட்டை. யூட்டாவில் 2023இல் இருந்து பெரியவர்களும் ஆன்லைன் பாடம் ஒன்றை முடித்துச் சான்றிதழ் எடுத்தால்தான் ஓட்டலாம், அதையும் ஒரு ராத்திரி உட்கார்ந்து முடித்தாயிற்று. கராஜில் காருக்குப் பக்கத்தில் நிற்கிறது, கார் கதவைப் பாதிதான் திறக்க முடிகிறது என்று வீட்டில் தினமும் ஒரு பாட்டு. ஈரோட்டுக்காரன் அந்த இரவல் ரான்ச்சரையே பேசி விலைக்கு வாங்கிவிட்டான், எனக்கு ஆனதில் பாதிகூட ஆகவில்லை. மைலேஜும் அதுதான் அதிகம் கொடுக்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.