தாழ்ந்த தரையும் பொய்ப் பிளவுகளும்

பழைய எண்ணெய் வயலுக்குப் புதிதாக நிலவியல் மாதிரி (நிலத்தடி அடுக்குகளின் கணினி வடிவம்) அமைக்கும்போது பாதி வேலை மென்பொருளைத் திறக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கிணற்று அளவையில் நேர்ந்த தவறும் படத்தில் ஒரு பிளவாகத்தான், அதாவது பாறையடுக்குகள் முறிந்து இடம்பெயர்ந்த இடமாகத்தான், தெரியும். பிளவுகள் மலிந்த வயலில் அதை யாரும் சந்தேகிக்கவும் மாட்டார்கள்.

கலிஃபோர்னியாவின் லாங் பீச்சை ஒட்டிய வில்மிங்டன் வயல் 1932இல் கண்டறியப்பட்டது. மேல்வளைந்த மடிப்பு ஒன்றைக் குறுக்குப் பிளவுகள் துண்டாடியிருக்கின்றன; அதில் ஆயிரக்கணக்கான கிணறுகள். எண்ணெயை எடுக்க எடுக்க மணற்படுகைகள் நசுங்கி, 1960களின் நடுவில் மையப்பகுதித் தரை சுமார் 9 மீட்டர் தாழ்ந்திருந்தது. பெரிய அளவில் நீர் செலுத்திய பிறகே அது அடங்கியது.

கிணற்று ஆழம் ரிக் (துளையிடும் கோபுரம்) தளத்திலிருந்து அளக்கப்படுவது. நசுங்கல் பெரும்பாலும் 600 முதல் 1200 மீட்டர் ஆழத்தில் நடந்தது. 1938இல் தோண்டிய ஒரு கிணறு; தரை 8 மீட்டர் தாழ்ந்தபின் அதன் பக்கத்திலேயே இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். ஆழத்தைக் கடல்மட்டக் கணக்குக்கு மாற்ற அந்தந்தக் காலத்துத் தள உயரத்தைப் போட்டால், நசுங்கிய மணலுக்கு மேலேயுள்ள குறியடுக்கு (கிணறுகளை ஒப்பிட உதவும் அடையாள அடுக்கு) புதுக் கிணற்றில் 8 மீட்டர் கீழே நிற்கும். இரண்டுக்கும் பழைய உயரத்தையே போட்டால் மேலே பொருந்திவிடும், ஆனால் மணலுக்கு அடியிலுள்ள அடுக்கு 8 மீட்டர் ஏறிவிடும். ஒற்றைத் திருத்தத்தால் இது தீராது. ஆண்டுவாரியான தரைமட்ட அளவையை வைத்து, நசுங்கலை மண்டலவாரியாகப் பிரித்து, எல்லா ஆழங்களையும் உற்பத்திக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். எந்த மண்டலம் எவ்வளவு சுருங்கியது என்பதற்குக் கேசிங் குழாய் (கிணற்றின் உள்சுவராக இறக்கும் எஃகுக் குழாய்) இணைப்புகளின் இடைவெளியை அளந்த பதிவுகள் கைகொடுக்கும்.

சாய்வாகத் தோண்டிய கிணறுகளின் திசையைக் காந்த ஊசியால் அளப்பதில் வேறொரு வில்லங்கம். அந்தக் காலத்தில் அங்கே காந்த வடக்கு, உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 15 டிகிரி கிழக்கே விலகியிருந்தது. திருத்தம் விட்டுப்போனால், 500 மீட்டர் பக்கவாட்டில் போன கிணற்றின் அடி சுமார் 130 மீட்டர் இடம் மாறும். படுகை 20 டிகிரி சரிந்து, தவறும் சரிவுத் திசையிலேயே விழுந்தால் 47 மீட்டர் பொய்ப்பெயர்ச்சி! பக்கத்துளை போட்ட (முதல் துளையிலிருந்து கிளை பிரித்த) கிணறுகளில் முதல் துளையின் லாக் (ஆழவாரியான பாறைப் பதிவு), இரண்டாம் துளையின் பாதையோடு ஒட்டிக்கிடப்பதும் சகஜம்.

இதையெல்லாம் களைந்த பிறகும் நிற்பவைதான் பிளவுகள். லாகில் அடுக்கு விடுபட்டிருந்தால் இயல்புப் பிளவு (பிளவுக்கு மேலுள்ள பாறை கீழிறங்கியது), திரும்ப வந்தால் எதிர்ப் பிளவு (அது மேலேறியது) என்பது செங்குத்துக் கிணற்றுக்கு நம்பகமான விதி. சாய்கிணற்றில் துளையின் கோணத்தையும் பார்த்தே சொல்ல வேண்டும். கிணறு பிளவை வெட்டும் புள்ளிகளை வெறும் ஆழங்களாகச் சேமிக்காமல், எத்தனை மீட்டர் அடுக்கு விடுபட்டது என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். ஒரே பிளவில் அந்த எண் பக்கத்துக் கிணறுகளுக்குள் காரணமில்லாமல் தாவினால், இரண்டு பிளவுகளை ஒன்றாக இணைத்திருக்க வாய்ப்புண்டு.

கடைசியில் பிளவு அடைக்கிறதா, கசிகிறதா என்ற கேள்வி. பிளவு முழுமைக்கும் ஒரே மதிப்பைப் போடுவது சோம்பேறித்தனம். மணலுக்கு எதிரே மணல் நிற்கும் மண்டலத்தில் கசியும் பிளவு, களிமண் எதிரே வந்த மண்டலத்தில் அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் நீர் செலுத்தியபோது மறுபக்கக் கிணற்றில் அழுத்தமும் நீரின் பங்கும் எப்போது ஏறின என்பதை மண்டலவாரியாக ஒப்பிட்டு, பிளவு எவ்வளவு திரவத்தை விடும் என்ற ஊடுகடத்தும் மதிப்பைத் தனித்தனியே போட வேண்டும்.