பாறு கழுகின் சிறுநீரகமும் ஒரு வலி மாத்திரையும்

மூட்டு வலிக்கு நாம் சாதாரணமாக விழுங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, செத்த விலங்குகளைத் தின்று வாழும் பாறு கழுகுகளின் நினைவே வருகிறது. பாகிஸ்தானில் கூண்டில் வைத்திருந்த வெண்முதுகுப் பாறுகளுக்கு அம்மருந்தை நேரடியாகவும், அது செலுத்தப்பட்ட கால்நடைகளின் இறைச்சி வழியாகவும் கொடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், சிறுநீரகம் செயலிழந்து அவற்றில் பல மடிந்ததை 2004இல் வெளியிட்டனர். அறுத்துப் பார்த்தபோது, வெளியேற வழியின்றித் தேங்கிய யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது.

எலி, நாய் போன்ற பாலூட்டிகளில், சிறுநீரக இரத்தக் குழாய்களை விரித்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாவதை இவ்வகை மருந்துகள் தடுக்கின்றன. உடலில் நீரும் உப்பும் குறைந்திருக்கும் வேளையில்தான் அது பெரிதும் கேடாகிறது. பாறுகளுக்கோ, மருந்தேறிய ஒரே வேளை இரையே எமனாக முடிந்தது. இதை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது. மெலாக்சிகாம் என்ற மாற்று வலி மருந்து அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை எனச் சோதனைகள் காட்டிய 2006ஆம் ஆண்டிலேயே, கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தயாரிப்பை இந்தியா தடைசெய்தது.