1070: பரணி மறைத்ததைப் பட்டப்பெயர் சொல்கிறது

கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பிரம்மாவில் தொடங்கிச் சோழ வம்சத்தையே வடமொழிச் செய்யுளில் அடுக்கிச் சொல்லும் நீண்ட கல்வெட்டு. ஆதித்தன் யானைமேல் பாய்ந்து பல்லவனைக் கொன்ற செய்தியும் இதில் வருகிறது. வீரராஜேந்திரன் பட்டமேறியது 1062–63 வாக்கில். ஆகவே இது 1069ஐ ஒட்டி வெட்டப்பட்டது. இத்தனை பெருமிதமாகப் பாடப்பட்ட நேர்வாரிசு மறு ஆண்டே அறுந்துபோனது.

1070இல் வீரராஜேந்திரன் இறந்தான். மகன் அதிராஜேந்திரன் அரியணை ஏறிச் சில வாரங்களிலேயே மாண்டான். ஜூன் மாதம், கீழைச் சாளுக்கிய ராஜராஜ நரேந்திரனுக்கும் முதலாம் ராஜேந்திரன் மகள் அம்மங்கைதேவிக்கும் பிறந்த முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தான். அதே 1070இல் இலங்கையில் பொலன்னறுவை, சிங்கள மன்னன் விஜயபாகுவின் கைக்குப் போனது. சோழருக்கு அங்கே மீட்சியே இல்லை.

அதிராஜேந்திரன் எப்படிச் செத்தான் என்பதில்தான் சண்டை. பில்ஹணர், மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தனின் அவைப் புலவர். அதிராஜேந்திரன் அவருடைய அரசனுக்கு மைத்துனன். கலகத்தில் அவன் உயிர்போனது, அரியணையை 'ராஜிக' பிடித்தான் என்கிறார். 'ராஜிக' என்பது குலோத்துங்கன்தான். கொன்றவன் அவனே என்று மட்டும் சொல்லவில்லை. எதிரியின் புலவரே சொல்லாத கொலைப்பழியை நாம் சுமத்துவது சரியில்லை என்பது என் கட்சி. ஆனால் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாடும் கலிங்கத்துப்பரணியும் நேர்மையாக இல்லை. வீரராஜேந்திரனுக்குப் பின் நாடு சீரழிந்தது, குலோத்துங்கன் வந்து காத்தான் என்று பாடி, நடுவில் இருந்தவனை அப்படியே விழுங்கிவிடுகிறது.

பரணி விழுங்கினாலும் கல் விழுங்கவில்லை. சோழர் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறிமாறிச் சூடுவார்கள். வீரராஜேந்திரன் ராஜகேசரி, அதிராஜேந்திரன் பரகேசரி, குலோத்துங்கன் மறுபடி ராஜகேசரி. நடுவிலிருந்தவனைக் கணக்கில் சேர்க்காவிட்டால் குலோத்துங்கன் பரகேசரி ஆகியிருக்க வேண்டும்.

கல்வெட்டுப் படி (தாளில் எடுத்த அச்சு) வாசிப்பவர்கள் இங்கே இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, அதிராஜேந்திரனின் 3ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். சில வாரமே ஆண்டவனுக்கு 3ஆம் ஆண்டு எப்படி? இளவரசுப் பட்டம் கட்டிய நாளிலிருந்து எண்ணுவது சோழர் வழக்கம். தந்தையின் ஆண்டுகளும் மகனின் ஆண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் 1070ஐத் தாண்டிவிடுவீர்கள். இன்னொன்று, குலோத்துங்கன் தொடக்க ஆண்டுகளில் ராஜேந்திர சோழன் என்றே பெயர் வெட்டிக்கொண்டான். பாட்டனும் ராஜேந்திரன்தான். பெயருக்கு முன்னால் ராஜகேசரி இருந்தால் பேரன், பரகேசரி இருந்தால் பேரன் அல்ல. அந்த இடம் சிதைந்திருந்தால் மெய்க்கீர்த்தியை, அதாவது அரசன் புகழ் பாடும் தொடக்கப் பகுதியைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஆண்டு எழுதாமல் விடுங்கள்.

குலோத்துங்கனின் ஆட்சியாண்டைக் கிறிஸ்து ஆண்டாக்க 1069ஐக் கூட்டினால் போதும். 30ஆம் ஆண்டு என்றால் 1099 ஜூனில் தொடங்கி 1100 ஜூன் வரை. நம் குமரி மாவட்டத்தில் கொல்லம் ஆண்டும் வருமே, அதற்குக் கணக்கு வேறு: ஆவணி முதல் மார்கழி நடுவரை 824, அதன்பின் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். பாண்டியர் கல்வெட்டில் '2ஆவதின் எதிர் 7' என்றிருந்தால் இரண்டையும் கூட்டி 9 என்று கொள்ள வேண்டும்.

பின்னாளில் பாண்டிநாட்டை அடக்க வந்த குலோத்துங்கன், நாகர்கோவில் பக்கத்துக் கோட்டாற்றுக் கோட்டையை எரித்ததாக மெய்க்கீர்த்தி சொல்கிறது. பிறகு அங்கேயே நிலைப்படையும் வைத்தான்.